எடை குறையவில்லை, சதை போய்க்கொண்டிருந்தது

கிட்னி கெட்டுப்போய், ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒருவருக்கு உடம்பில் சதை கரைவதை எடை மிஷின் காட்டிக்கொடுக்காது. இந்த ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அப்பா அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த கையில், வேறு ஊசி குத்த விடக்கூடாது, பிபி பார்க்க விடக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் எல்லாரும் சொன்னார்கள். சதையைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. இப்போது டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிற வீடுகளில் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மா தவறிப் பல வருஷம் ஆகிறது. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், பணம் அனுப்புவான், வர முடியாது. அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஷிப்டு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபநாசம் போய் ஆற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தோளும் தொடையும் அப்படி இருக்கும். ரொம்ப நாள் சர்க்கரையில் கிட்னி கெட்டுப்போனது. டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் இழுத்துப் பிடிப்பதற்காக அப்போது பார்த்த டாக்டர் ஒரு சாப்பாட்டு அட்டை கொடுத்தார். பருப்பு பாதி, பால் அரை டம்ளர், பயறு வகை வேண்டாம், பன்னீர் வேண்டாம் என்று இருந்தது. அதை லேமினேட் செய்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தேன். அந்தக் காலத்துக்கு அது சரியான அட்டைதான். கெட்டுப்போகிற கிட்னிக்குச் சுமையைக் குறைக்க, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் வரைதான் என்று நிறுத்துவார்கள்.

அப்புறம் டயாலிசிஸ் ஆரம்பித்தது. அட்டை சுவரிலேயே இருந்தது. டயாலிசிஸ் சென்டரில் யாரும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை, அட்டை கொடுத்த டாக்டரிடம் திரும்பப் போகவேண்டிய அவசியமும் வரவில்லை. டயாலிசிஸ் தொடங்கிய அன்றே அந்த அட்டை காலாவதி ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தபோது ரொம்பக் காலம் ஓடிவிட்டது. டயாலிசிஸில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். அமெரிக்காவின் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று இருக்கிறது. ஒன்றரை மடங்குக்கும் மேல். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை டயாலிசிஸ் செய்யும்போதும், ரத்தம் மிஷினின் ஃபில்டருக்குள் போய் வருகையில், கழிவோடு சேர்த்து 6 முதல் 12 கிராம் வரை புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்களும் வெளியே போய்விடுகின்றன. உடம்புக்குள் ஓயாமல் இருக்கிற அழற்சியும், ரத்தத்தில் ஏறுகிற அமிலமும் தசையைப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. இத்தனையும் வெளியே போகும்போது உள்ளே போவது பழைய அட்டைப்படி பாதிப் பருப்பும் அரை டம்ளர் பாலும் என்றால் என்ன ஆகும்? மருத்துவர்கள் இதற்குப் புரத ஆற்றல் இழப்பு என்று 2008-லேயே பெயர் வைத்து, எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் வரையறுத்துவிட்டார்கள். அது எங்கள் அடுப்படிக்கு வந்துசேர அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

முதலில் எனக்குக் கண்ணில் பட்டது சட்டை. அப்பாவுக்கு எப்போதும் நான்தான் தைப்பேன், அளவு எழுதிவைக்கத் தேவையில்லை. தோள்பட்டைத் தையல் கையில் இறங்கி நின்றது. காலரைச் சுற்றி இடம் விட்டது. வாட்ச் முழங்கையை நோக்கிப் போனது, ஸ்ட்ராப்பில் நானே ஊசி காய்ச்சிப் புது ஓட்டை போட்டேன். ஆனால் வயிற்றுப் பக்கம் சட்டை பிடித்தது, செருப்பு கால் மேல் தடம் பதித்தது. மேலே வற்றுகிறது, கீழே பெருக்கிறது. சென்டரில் கேட்டேன். “60-ல வாராரு, 58-ல போறாரு. ட்ரை வெயிட் கரெக்டாத்தான் இருக்கும்மா” என்றார்கள். ட்ரை வெயிட் என்பது உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாமல் இருக்கும்போது உள்ள எடை. அந்த எடை வருகிற வரைக்கும் மிஷின் தண்ணீரை உறிஞ்சும். டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் 58 என்று குறித்தார்கள், அது அப்படியே நோட்டில் நின்றுவிட்டது. உள்ளே சதை 1 கிலோ குறையும்போது அந்த 1 கிலோ இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும். மிஷின் 58 என்றே காட்டும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

கிரியாட்டினின் விஷயம் இன்னும் வேதனை. கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு அது. மாதாமாதம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் அது 9-க்கு மேல் இருந்தது, மெல்ல மெல்ல 6-க்கு வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். அத்தை கேள்விப்பட்டு, “எறங்கிட்டுதா? திருச்செந்தூர் முருகன் கண்ணைத் தொறந்துட்டான்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். கிரியாட்டினின் தசையில் உண்டாவது. டயாலிசிஸ் நேரமும் தடவையும் மாறவில்லை, சிறுநீர் கூடவில்லை, ஆனால் கிரியாட்டினின் மட்டும் இறங்குகிறது என்றால் அதைத் தயாரிக்கிற தசை குறைந்துவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கிரியாட்டினின் ரொம்பக் குறைவாக இருப்பது கவலைப்பட வேண்டிய சங்கதி. இதை அறிந்தபோது எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. மாதாமாதம் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் ஒருவருக்கும் இதைச் சொல்லத் தோன்றவில்லையே என்று. உங்கள் வீட்டில் இப்படி இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் டாக்டரிடம், “இது டயாலிசிஸ் நன்றாக நடப்பதாலா, சதை போவதாலா?” என்று நேராகக் கேளுங்கள். கூடவே ரத்தத்தில் இருக்கிற புரதமான அல்புமின் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சாப்பாடு ஒரு தினசரிப் போராட்டமாக இருந்தது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்றால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர், இரண்டு இட்லிக்கு மேல் தட்டைத் தள்ளிவைப்பார். “எனக்கு வேண்டாம்ளா. வாயில வச்சா இரும்பைச் சப்புன மாதிரி இருக்கு. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்கு.” வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், “என்ன அண்ணாச்சி, பாதியாப் போயிட்டீய” என்பார்கள். அதோடு நிறுத்தாமல் என் பக்கம் திரும்பி, “நல்லா ஆக்கிப் போடும்மா” என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தை எவ்வளவு குத்தும் என்று நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும். பசி இல்லாமல் போவதும் நோயின் ஒரு பகுதி. பிடிவாதமோ சமையல் குறையோ அதற்குக் காரணம் இல்லை. கழிவு சரியாக வெளியேறாவிட்டால் வாய் கசக்கும், குமட்டும். சர்க்கரை நாள்பட்டால் இரைப்பையே மெதுவாகத்தான் காலியாகும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அப்பாவுக்கு இரண்டும் இருந்தது.

ஒரு ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் போட்ட நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு விடிகிற வரைக்கும் இருந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டை. நெஞ்சு எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. “இவருக்கு ட்ரை வெயிட் 58 கிடையாதும்மா, 53 கூட இருக்குமோ என்னமோ” என்றார். நாலைந்து டயாலிசிஸில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்தார்கள். வீக்கம் வடிய வடியத்தான் அப்பா உண்மையில் எப்படி இருக்கிறார் என்று தெரிந்தது. தொடையில் தோல் தொங்கியது. நெற்றிப் பொட்டு இரண்டு பக்கமும் குழிந்திருந்தது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கை இருந்ததையும் எடுத்துக்கொண்டது. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். காலில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ அளவுக்குச் சதை போயிருந்தது. நோயாளிக்குக் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வந்தபோது அப்பாவால் கையூன்றாமல் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கழிவறையில் நான் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்ப வேண்டும். மில்லில் நூல் மூட்டையைத் தூக்கிப் போட்ட மனிதர், மகளிடம் அதற்காகக் கூப்பிடக் கூச்சப்பட்டு, தானே எழுந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, அது தெய்வச் செயல். ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அட்மிஷன் போட்ட மறுநாளே எப்போது எழுந்து உட்காரலாம், எப்போது நாலடி நடக்கலாம் என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்டை அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் அனுப்புகிறார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, அது இல்லாவிட்டால் நாங்கள் நடுத்தெருவில் நின்றிருப்போம். சுற்றியிருக்கிற மற்ற செலவுதான் எங்களைத் தின்றது. ஆள் மெலிகிறார் என்றதும் புற்றுநோயாக இருக்குமோ என்று ஒரு தனியார் இடத்தில் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் என்று வரிசையாக எழுதினார்கள். 30,000 ரூபாய்க்கு மேல் போனது. சத்து மாவு, புரோட்டீன் பவுடர் டப்பாக்கள் 15,000-க்குக் குறையாது. சொந்தக்காரர் ஒருவர் சதை போடும் என்று சொல்லி ஒரு லேகியம் வாங்கி வந்தார், என்ன சேர்ந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. அதை அப்பா வாயில் வைக்க நான் விடவில்லை. கிட்னி வேலை செய்யாத உடம்புக்குள் பொட்டாசியமோ உலோகமோ போனால் எளிதில் வெளியேறாது. எல்லாவற்றையும் விட பெரிய நஷ்டம் கடையில். டயாலிசிஸ் நாட்களில் ஷட்டர் மூடியே இருக்கும். ஜூன் மாதம் ஸ்கூல் யூனிஃபார்ம் தையல்தான் எனக்கு வருஷச் சம்பாத்தியம், அந்த ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பிள்ளைகளுக்கு ஸ்கூல் திறக்கிற அன்று துணி வேண்டும்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாகக் காசநோய். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், இருமலே இல்லாமல் சாயங்காலக் காய்ச்சலும் மெலிவுமாக மட்டுமே கூட இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். அப்பாவுக்கு இல்லை என்று வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு இருந்தது, மருந்து ஆரம்பித்ததும் அவருக்குப் பசியே திரும்பிவிட்டது. காசநோய் என்று பதிவானவர்களுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறார்கள். அது வங்கிக் கணக்குக்கு வரும், விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு வழி காட்டியது பாளையங்கோட்டையில் ஒரு டயட்டீசியன் அம்மா. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் வந்தார். சீட்டை எடுத்து எழுதுவதற்கு முன்னால் அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பைப் பார்த்தார். நெற்றிப் பொட்டில் விரலை வைத்தார். காறையெலும்பு, தோள் முனை. பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். நம் கையில் அப்படி அழுத்தினால் இரண்டு விரலுக்கும் நடுவே சதை புடைக்கும். அப்பா கையில் அது பள்ளமாகவே இருந்தது. இதைப் பார்க்க எந்த மிஷினும் வேண்டாம், மாதம் ஒருமுறை நீங்களே பார்க்கலாம் என்றார். பட்டினி கிடப்பவருக்கு முதலில் கொழுப்பு கரையும், உடம்பு தசையை முடிந்தவரை காப்பாற்றிக்கொள்ளும், சாப்பிட்டால் திரும்பிவிடும். நாள்பட்ட நோயில் இருப்பவருக்குக் கொழுப்பு இருக்கும்போதே தசை கரையும், வெறும் சாப்பாட்டால் மட்டும் முழுக்கத் திரும்பாது, காரணத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று அவர்தான் விளக்கினார். இதய பலவீனம், நுரையீரல் நோய், புற்றுநோய் இவற்றிலும் இதே கதைதானாம். ஆறு மாதத்துக்குள் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் தானாகக் குறைந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோதான்.

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்று கணக்குப் போட்டார். முதலில் சொன்னது முட்டை வெள்ளைக்கரு. ஒன்றில் மூன்றரை கிராம் சுத்தமான புரதம், கிட்னி கெட்டவர் உடம்பில் தேங்கிவிடுகிற பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை, கிட்னி நோயாளிக்கு இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். எங்கள் வீடு சைவம். அப்பா மெல்லத் தலையை ஆட்டினார். “இத்தனை வயசுக்கு மேல அது வேண்டாம்மா” என்றார். அந்த அம்மா வற்புறுத்தவில்லை. சரி ஐயா, இல்லாமலே பார்ப்போம் என்று பேப்பரைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். 100 கிராம் பன்னீரில் 18 கிராம் வரும், பாக்கெட்டில் வேண்டாம், வீட்டில் பாலைத் திரித்து எடுங்கள். 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம். 30 கிராம் சோயா உருண்டையில் 15 கிராம், ஆனால் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, திரும்ப ஒருமுறை அதையே செய்ய வேண்டும், பொட்டாசியம் அதிகம். பன்னீர் ஒரு நாள், சோயா ஒரு நாள். இரண்டு கிண்ணம் கெட்டித் தயிரில் 6 கிராம், அதைக் குடிக்கிற தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். சோற்றிலேயே 10 கிராமுக்கு மேல் வந்துவிடும். மிச்சத்துக்குப் பவுடர். தேங்காய்ப்பால் சேர்த்த சொதியும் இளநீரும் கூடாது. கல்லிடைக்குறிச்சி அப்பளமும் கூடாது, உப்பும் அப்பளக் காரமும் தாங்காது. உளுந்தஞ்சோறு மட்டும் கொஞ்சமாக வாரம் ஒரு நாள் என்று எழுதினார், அப்பா முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிப்பு வந்தது.

பவுடர் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிட்னி நோயாளிக்கென்று விற்கிற பவுடரிலேயே இரண்டு வகை இருக்கிறது. டயாலிசிஸுக்கு முன்னால் இருப்பவர்களுக்குப் புரதம் குறைந்தது, டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதம் அதிகமானது. டப்பா பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் மருந்துக்கடையில் குறைந்த வகையையே மாதக்கணக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் டயாலிசிஸுக்கு என்று அச்சடித்திருக்கிறதா, 100 கிராமில் புரதம் எத்தனை என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் குடிக்கிற பவுடரை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். புரதம் கூடும்போது பாஸ்பரஸும் கூடும், அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் பலன், வெறும் வயிற்றில் போட்டால் வீண். டயாலிசிஸ் ஆரம்பிக்காத கிட்னி நோயாளிகள் நான் சொன்ன எதையும் எடுத்துச் செய்யக் கூடாது, அவர்களுக்குப் பழைய அட்டைதான் சரி.

சாப்பாடு மட்டும் போதவில்லை. அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவையாக இருந்த டயாலிசிஸை மூன்றாக ஆக்கினார்கள். அந்த மாதமே இரும்பு ருசி குறைந்தது. போக வர அலைச்சல் கூடியது, கடை இன்னும் ஒரு நாள் மூடியது, ஆனாலும் இதில் பேரம் பேச முடியாது. ரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்கிற பைகார்பனேட் பார்த்தார்கள், குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை. கடைவாய்ப் பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தது, பல் வலியில்தான் மெல்லாமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது, அதையும் பார்த்தோம். ஒரே நேரத்தில் நிறைய வைத்தால் பயந்துவிடுகிறார் என்று மூன்று வேளையை ஆறாகப் பிரித்தேன். டயாலிசிஸ் நாளில் நாலு மணி நேரமும் வெறும் வயிற்றோடு இருக்காமல், மிஷின் ஓடும்போதே ஏதாவது சாப்பிடலாமா என்று கேட்டோம். பிபி விழுகிறவர்களுக்கு அது ஆகாது. அப்பாவுக்கு விழவில்லை என்பதால் அனுமதித்தார்கள். பன்னீர் வைத்த இரண்டு சின்னச் சப்பாத்தி, டப்பாவில் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது உடற்பயிற்சி. புரதத்தைத் தசையாக மாற்ற வேலை கொடுத்தே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது, கிராம சுகாதார நர்ஸ் சொல்லித்தான் பதிவு செய்தேன். வந்த பெண் பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்க வேண்டும். நான் பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு பை தைத்து மணல் போட்டுக் கணுக்காலில் கட்டினேன், அதோடு காலை நீட்ட வேண்டும். ஃபிஸ்டுலா கையில் கனமான எதையும் தூக்கக் கூடாது, டாக்டர் சொன்ன பந்து அழுத்துகிற பயிற்சி மட்டும். முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை எழுவதற்கே வேர்த்து ஊற்றியது. ஆசிய மருத்துவர்கள் குழு 2019-ல் சொன்ன அளவுப்படி கையூன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார 12 விநாடிக்குக் குறைவாக ஆக வேண்டும். அப்பா இன்னும் அங்கே வரவில்லை. ஆனால் இப்போது தானே எழுகிறார், கழிவறைக்கு நான் வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிசு.

கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33-க்கும் கீழே போனால் தசை குறைகிறதா என்று சோதிக்க வேண்டும் என்பதும் அதே குழு சொன்னதுதான். தையல்காரிக்கு டேப்புக்கா பஞ்சம். மாதத்தில் ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம், வீக்கம் வடிந்திருக்கும்போது, கெண்டையில் பருத்த இடத்தில் சுற்றி எடுக்கிறேன். ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுகிறேன். வீக்கத்தோடு எடுத்தால் எண் பொய் சொல்லும். அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டி, “ட்ரை வெயிட்டைத் திரும்பப் பார்க்கணுமா?” என்று கேட்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். சதை கூடினாலும் ட்ரை வெயிட்டை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேவையான தண்ணீரையும் உறிஞ்சி பிபி விழுந்து காலில் சதை இழுக்கும். போன மாதம் அப்பாவுக்கு அரைக் கிலோ ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முந்தைய வாரம் அவருக்கு அந்த இழுப்பு வந்தபோது பயந்துபோனேன், டாக்டரோ சிரித்துக்கொண்டே நல்ல செய்தி என்றார்.

பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பியிடம், பணம் அனுப்புவதோடு டயாலிசிஸ் நாளில் ஆட்டோவுக்கும் துணைக்கும் ஓர் ஆளை மாதச் சம்பளத்துக்குப் போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் செய்தான். முதலிலேயே கேட்டால் இவனும் செய்வான்தான், எங்கள் பக்கம் பெண் பிள்ளை வாய் திறந்து கேட்கிற வழக்கம் இல்லை. அந்த ஆள் வந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் கடையை முழு நாளும் திறக்கிறேன். இந்த ஜூனில் ஒரு ஸ்கூல் ஆர்டர் திரும்ப வந்திருக்கிறது.

கடைசியாக, ஆள் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு. டயாலிசிஸ் நோயாளி வீட்டுக்கு சாத்துக்குடி, ஆரஞ்சு, இளநீர், ஹார்லிக்ஸ் வாங்கி வராதீர்கள். நீங்கள் ஆசையாக வாங்கி வருவதை அவர் முன்னாலேயே வேண்டாம் என்று எடுத்து வைக்க எங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு ஆப்பிள், இல்லையென்றால் பன்னீர் எடுக்க ஒரு லிட்டர் பால். மெலிந்துவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் அப்பா நாற்காலிப் பயிற்சி செய்கிற நேரம், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுவேன். கூட உட்கார்ந்து எழுந்தால் அவர் இரண்டு தடவை அதிகமாகச் செய்கிறார்.